ஸோலாவுக்காகச் சிறை சென்ற பதிப்பாளர்

தஸ்தயெவ்ஸ்கியை நாள் முழுக்கப் பேசும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களில் ஒருவர்கூட ஹென்றி விஸெடெல்லியின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘குற்றமும் தண்டனையும்’ நாவலை 1886இல் முதன்முதலாக ஆங்கிலத்தில் வெளியிட்டவர் இந்த லண்டன் பதிப்பாளர்தான். எழுதியவரைக் கொண்டாடுகிறோம்; கைக்காசைப் போட்டு அச்சேற்றியவரை அடியோடு மறந்துவிடுகிறோம். எனக்கு இது நெடுநாளாக உறுத்துகிறது.

1820இல் பிறந்தவர். மரச்செதுக்குப் படத்தொழில் கற்றார், படப் பத்திரிகைகள் நடத்தினார், செய்தியாளராகப் பாரிஸில் வாழ்ந்தார். நாவல் பதிப்பில் முழுமூச்சாக இறங்கியது அறுபது வயதையொட்டித்தான்.

அன்றைய இங்கிலாந்தில் புது நாவல் மூன்று பாகங்களாக வரும். விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். சாமானியரால் வாங்க முடியுமா? மூடீஸ் போன்ற சந்தா நூலகங்களில் இரவல் பெற்றுத்தான் படிக்க வேண்டும். அவர்கள் முகம் சுளித்தால் அந்த நாவலின் கதை முடிந்தது. விஸெடெல்லி ஒரே பாகமாக, 6 ஷில்லிங்குக்கு நாவல்களை நேரே வாசகர் கையில் கொடுத்தார். பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஸோலாவையும் மலிவு விலையில் கொண்டுவந்தார். ஒழுக்கக் காவலர்களுக்குப் பொறுக்கவில்லை. நாடாளுமன்றம்வரை கொண்டுபோனார்கள்.

1888 அக்டோபரில், ஆபாச நூல் வெளியிட்டதாக விஸெடெல்லிமீது வழக்கு. ஸோலாவின் ‘நிலம்’ நாவலிலிருந்து பொறுக்கியெடுத்த பத்திகளை அரசு வழக்கறிஞர் உரக்க வாசிக்கிறார். ஜூரிகளில் ஒருவர் குறுக்கிட்டு, இதையெல்லாம் கேட்டே ஆக வேண்டுமா என்கிறார். இனி வாதாடிப் பயனில்லை என்று விஸெடெல்லி தரப்பு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறது. 100 பவுண்டு அபராதம்.

அந்த நாவல் எதைப் பற்றியது? நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் கையாலேயே சீரழிந்து சாகும் ஒரு கிழவரைப் பற்றியது. அதைப் படித்து நெஞ்சு கனக்காதவர் இருக்க முடியாது. நாலு பத்தியைக் கிழித்தெடுத்து ஒரு நூலை ஆபாசம் என்பது அநியாயம். வழக்குக்கு முன்பே விஸெடெல்லி, ஷேக்ஸ்பியர் உள்ளிட்ட ஆங்கிலச் செவ்விலக்கியங்களிலிருந்து இதைவிடப் பச்சையான பகுதிகளைத் தொகுத்து அச்சிட்டு அரசுக்கே அனுப்பிப் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஸோலா நாவல்களின் வெட்டித் திருத்திய பதிப்புகளை விற்றதற்காக 1889இல் மறுபடியும் வழக்கு. 68 வயது, உடம்பு நொந்த மனிதர். மூன்று மாதம் ஹாலோவே சிறை. பதிப்பகமும் நொடித்துப்போனது.

1893இல் ஸோலா லண்டன் வந்தபோது பத்திரிகையாளர்கள் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். நகர மேயரே வரவேற்றார். மூன்று மாதம் கழித்து, 1894 புத்தாண்டு நாளில், விஸெடெல்லி இறந்தார்.