தயிர் பற்றிய அந்தப் பதிவுக்கு

அண்ணே, "தயிர்ல உள்ள லாக்டோபேசிலஸ் இரத்தத்துல கலந்து இதயத்தைக் கெடுக்கும், சீனி வியாதிக்காரங்க தொடவே கூடாது"ன்னு போட்டிருக்கீங்க. அட்டன், தலவாக்கலைப் பக்கம் ஆளுக்காள் இதைப் பகிர்றாங்க. அதனாலதான் எழுதுறேன்.

லாக்டோபேசிலஸ்ங்கிறது பாலைத் தயிராக்கும் ஒரு வகை பாக்டீரியா. அது இரத்தத்துல கலந்து இதயத்தைத் தாக்கும் தொற்று இருக்கு. ஆனா மிக அரிது. இந்தக் கிருமிகள் நம்ம வாயிலும் குடலிலும் ஏற்கெனவே குடியிருக்கு. சட்டித் தயிரை நிறுத்தினா போயிடாது. பின்லாந்தில் 1990களில் லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் ஜிஜிங்கிற வகையைச் சேர்த்த பால் உணவுகள் வேகமா பரவின. அந்த ஆண்டுகளின் இரத்தப் பரிசோதனைகளைப் பார்த்தப்போ, இந்தத் தொற்று கூடியிருக்கல.

யார் கவனிக்கணும்? இதய வால்வு பழுதானவங்க, செயற்கை வால்வு வச்சவங்க, புற்றுநோய் மருந்தால எதிர்ப்புசக்தி குறைஞ்சவங்க. கட்டுப்பாடில்லாத சீனி வியாதியும் சேரும்தான், ஆனா அது மட்டுமே தயிரை விலக்கக் காரணமில்ல. பல நேரம் கிருமி உள்ளே போற வழி சொத்தைப் பல், இல்லன்னா பல் பிடுங்கின புண். வால்வு பழுதுள்ளவங்க பல் வைத்தியரிடம் அதை முதல்லயே சொல்லிடணும். காய்ச்சல் விடாம அடிச்சா பெனடோலோட நிறுத்தாம இரத்தக் கல்ச்சர் (இரத்தத்துல கிருமி வளருதான்னு பார்க்கிற பரிசோதனை) செய்யணும். இந்தக் கிருமி இனத்தில் பலதுக்கு வான்கோமைசின்ங்கிற கிருமிக்கொல்லி மருந்து வேலை செய்யாது, பெனிசிலின், அம்பிசிலின்தான் பெரும்பாலும் கேட்கும்.

உங்க பதிவுக்குக் கீழே ஒரு தங்கச்சி "நல்ல பாக்டீரியா யாருக்கும் கெடுதல் செய்யாது"ன்னு சொல்றதும் சரியில்ல. குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயோடிக் (உயிருள்ள 'நல்ல' கிருமிகள் சேர்த்த தயாரிப்பு) கொடுப்பது பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023ல எச்சரிச்சிருக்கு.