பொம்மை விளையாட்டில் என்ன அரசியல்?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். இன்னொரு முறை சொல்ல எனக்கு மனசில்லை. எல்டன் ரிங் என்ற வீடியோ கேமில் இருக்கும் அரசியலைப் பேச நான் வாயைத் திறந்ததுமே கூட்டத்து அண்ணன் சிரித்தார். "பொம்மை விளையாட்டுல என்ன தம்பி அரசியல்?" சபையும் சிரித்தது. சரி, சிரியுங்கள்.

அந்த கேமில் காட்ரிக் என்று ஒருவன். ராஜ வம்சம்தான், ஆனால் வம்சத்திலேயே சோப்ளாங்கி. பெண்கள் கூட்டத்தில் ஒளிந்து தலைநகரை விட்டு ஓடியவன். அந்தக் குறையை மறைக்க, அடுத்தவர்களின் கை கால்களை வெட்டித் தன் உடம்பில் ஒட்டுக்கட்டிக்கொள்கிறான். எங்கள் பக்கத்துச் சந்தூர்க்காரர்கள் மாங்கன்றில் செய்வதை இவன் மனுஷனில் செய்கிறான். கூடுதல் கைகளோடு மேடையேறும் ஆட்களை நாம் பார்த்ததே இல்லையா? இது அரசியல் இல்லையா?

"அதியமானை விட்டுட்டு வெள்ளைக்காரன் கதையா?" என்று ஒரு கமெண்ட். 2022இல் அந்த கேமைக் கொண்டுவந்தது ஜப்பான்காரர்கள். முன்கதையில் ஓர் அமெரிக்கருக்குப் பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அப்புறம், தகடூரில் பிறந்தவனுக்கு அதியமானைச் சொல்லித்தர வேண்டாம். தொண்டைமானின் ஆயுதங்கள் போரைக் காணாமலே நெய் பூசி, பீலி சூட்டி மினுங்குவதைப் பார்த்து, அதியமானுக்காகத் தூது போன ஔவை அடித்த கிண்டல் காட்ரிக்குக்கும் பொருந்தும்.

நான் பேச வந்தது அதே கேமில் வரும் மோர்காட்டைப் பற்றி. அதற்குள்தான் மைக்கை வாங்கிவிட்டார்களே! கொம்போடு பிறந்தான் என்பதற்காக, அரசியின் பிள்ளையைத் தலைநகருக்கு அடியில் சாக்கடைச் சுரங்கத்தில் அடைத்தார்கள். மற்ற பிள்ளைகள் பங்குக்கு அடித்துக்கொண்டு சிதறிய பிறகு, காலி சிம்மாசனத்துக்கும், அந்த நாடே கும்பிடும் பொன்மரத்துக்கும் காவல் நின்றது அவன்தான். கேம் ஆடுகிற நாம் அவனை வீழ்த்திவிட்டு மரத்தடிக்குப் போனால், வாசலை முள் அடைத்துக் கிடக்கிறது.

அண்ணே, என் சின்னத் தாத்தா இரண்டாம் தாரத்துப் பிள்ளை. காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்பு. பாகப் பத்திரத்தில் அவர் பெயர் இல்லை, பந்தியில் கடைசி இலை. ஆனால் காவல் அவர்தான். ஒரு காயில் கை வைத்தாலும் "நம்ம தோப்புடா!" என்று கவணோடு துரத்துவார். நம்ம! காற்றில் உதிர்ந்த பழங்களைத் துண்டில் கட்டிக் கொண்டுவந்து, பெரிய வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் கேட்காமல் திரும்புவார்.

இருபது வருஷமாக எனக்கு அந்த மனுஷன் புரியவில்லை. மோர்காட்டிடம் பதினெட்டாவது தடவை செத்த ராத்திரி புரிந்தார். "அதுக்கு ஒரு நாவல் படிச்சிருக்கலாமே?" படித்திருக்கலாம். எனக்கு கேமில்தான் கிடைத்தது, என்ன செய்ய?

அடுத்த மாதக் கூட்டத்தில் நான் பேசப் போவதில்லை. நாற்காலிகளை மட்டும் வழக்கம்போலச் சனிக்கிழமை சாயந்திரமே இறக்கி வைத்துவிடுகிறேன்.