பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள்

பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்த தாத்தாவின் பதிவைத் தேட லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துக்கு எழுதச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அங்கே இருப்பவை பெரும்பாலும் அதிகாரிகளின் ஆவணங்கள். இரண்டாம் உலகப்போரில் சிப்பாயாகவோ ஹவில்தாராகவோ இருந்தவர் என்றால் அந்தந்தப் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸுக்குத்தான் (படையினரின் ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) எழுத வேண்டும்: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் உள்ள வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால் பெங்களூரு.

ஆனால் படை எண் (ராணுவம் ஒவ்வொரு வீரருக்கும் தந்த எண்) இல்லாமல் எழுதிப் பெரிய பலன் இல்லை. ஒரே பெயரில் எத்தனையோ முத்துசாமிகள். அந்த எண் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே கிடக்கலாம். இந்தியப் படையினருக்கு அந்தப் போரின் பதக்கங்களைப் பெயர் பொறித்தே கொடுத்தார்கள். வட்டப் பதக்கமானால் விளிம்பில், பர்மா ஸ்டார் போன்ற நட்சத்திரமானால் பின்புறத்தில் எண், பெயர், படைப்பிரிவின் சுருக்கம் இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படியுங்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும்.

1939 செப்டம்பர் 3 முதல் 1947 முடிய பணியில் இறந்தவர்களை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரின் எழுத்துக்கூட்டல் கண்டபடி இருக்கும். முதல் மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் கொடுத்து, ரெஜிமென்டை வைத்து வடிகட்டுங்கள். சில பதிவுகளில் தகப்பனார் பெயரும் ஊரும் இருக்கும். அவை பொருந்தாமல் நம் ஆள் என்று முடிவு கட்டாதீர்கள்.