மூடினா திறக்காது, திறந்தா மூடாது

மறுபடியும் அதே கதவு. சமுதாயக்கூடத்துப் பெண்கள் கழிப்பறைக் கதவு. செங்கோட்டைப் பக்கம், மரத்தூள் வாசனையோட விடியற ஊரு. திரும்பின பக்கமெல்லாம் அறுவை மில். இங்க ஒரு பொதுக் கதவுக்குக் கதியில்லை!

கல்யாண வீடு. உள்ளே ஒரு ஆச்சி. சாரல்ல கதவு உப்பி நிலையைக் கவ்விக்கிச்சு. வெளியே நாலு நிபுணர்கள். ஒருத்தர் தாழ்ப்பாளைத் தட்டுறார். தாழ்ப்பாள் என்னவே செஞ்சுது? இன்னொருத்தர் கீலுக்குத் தேங்காயெண்ணெய் விடுறார். கீல் நல்லாத்தான் இருக்கு. மூணாவது ஆள் தோளைக் கொடுக்கார். காவலாளி வந்து, "தூக்கித் தள்ளணும்"னு பாடம் எடுக்கார். தூக்கினாரு, கைப்பிடி கையோட வந்துட்டு. உள்ளேயிருந்து ஆச்சி, "பந்தி முடிஞ்சிருச்சாய்யா?"ங்கா.

இனி காண்ட்ராக்டர் வருவார், இழைப்புளியால ஓரத்தைச் சீவுவார், பில் போடுவார். ஈரத்துல உப்பின மரத்தை ஆடியில சீவினா, சித்திரையில காய்ஞ்சு சுருங்கி விரல் நுழையற இடுக்கு விழும். அதுல பேப்பரைச் செருகிட்டுப் பெண்கள் உள்ளே போகணும். அடுத்த சாரலுக்குத் திரும்ப உப்பும்.

பச்சை மரத்தை அறுத்த சூட்டோட கதவாக்கினா வேற என்ன நடக்கும்? ஒரு இஞ்சுப் பலகையை நிழல்ல, இடையில ரீப்பர்ங்கிற மெல்லிய மரச்சட்டம் கொடுத்து, மாசக்கணக்கா அடுக்கி வைக்கணும். ஈரம் 12 சதவீதத்துக்குப் பக்கத்துல வரணும். மரம் நீளத்துல அசையாது, அகலத்துலதான் விளையாடும். இது இங்க மில்லுல தூள் அள்ளுற பையனுக்கே தெரியும். டெண்டருக்குத்தான் தெரியாது.

பெயின்ட்டும் முன்பக்கம், பின்பக்கம் மட்டும். அடி விளிம்பை யாரு குனிஞ்சு பார்க்கப் போறா? கழுவி விடுற தண்ணியெல்லாம் அந்த வழியாத்தான் ஏறுது. வெயில் காலத்துல கழற்றி, பக்கத்துக்கு 3 மி.மீ., அடியில அரை இஞ்சு இடைவெளி விட்டு இழைச்சு, ஆறு பக்கமும் ப்ரைமர் அடிச்சு மாட்டினா, ஒரு ஆசாரிக்கு ஒரு நாள் வேலை.

முடியலையா? மானத்தை விட்டுச் சொல்றேன், பிவிசி கதவே மாட்டித் தொலைங்க. மரக்கடை ஊருக்குப் பிளாஸ்டிக் கதவு! சிரிப்புத்தான் வருது.

அதிருக்கட்டும், பூங்காவுல சிமென்ட்டைக் குழைச்சு, மேல மரப்பட்டை மாதிரி கோடு கிழிச்சு, காப்பிக்கலர் அடிச்சு பெஞ்சு போட்டிருக்காங்களே, அந்த யோசனை யாரோடது?