காமன்வெல்த் உறுப்பினர் என்பதாலேயே ஒரு நாடு முடியாட்சிக்கு உட்பட்டதாகிவிடாது

பிரிட்டிஷ் அரசி இரண்டாம் எலிசபெத்தின் மறைவையொட்டி 2022 செப்டம்பர் 11 அன்று இந்தியாவில் தேசியக்கொடி அரைக்கம்பத்தில் பறந்ததைச் சுட்டி, பெரும்பாலும் முன்னாள் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளைக் கொண்ட நாடுகளின் கூட்டமைப்பான காமன்வெல்த்தில் இருப்பதால் இந்தியா இன்றும் பிரிட்டிஷ் முடியாட்சிக்கு உட்பட்டதே என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியன்று என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

காமன்வெல்த்தின் 56 உறுப்பு நாடுகளில், மன்னர் சார்லஸைத் தங்கள் நாட்டுத் தலைவராகக் கொண்டவை பிரிட்டன் உட்பட 15 மட்டுமே. குடியரசாகும் இந்தியா உறுப்பினராகவும் தொடரலாம் என்று 1949 ஏப்ரலில் காமன்வெல்த் நாடுகள் வெளியிட்ட லண்டன் பிரகடனம் ஏற்றுக்கொண்டது; மன்னர் அந்த அமைப்பின் அடையாளத் தலைவர் மட்டுமே, அப்பொறுப்பால் உறுப்பு நாடுகள்மீது அவருக்கு ஆட்சியுரிமை எதுவும் கிடைப்பதில்லை. 2021இல் குடியரசான பார்படோஸும் இவ்வாறே உறுப்பினராகத் தொடர்கிறது.

துக்க அனுசரிப்பு அயல்நாட்டுத் தலைவர்களுக்குச் செய்யும் மரியாதை. அதே ஆண்டு ஜூலை 9 அன்று ஜப்பானின் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேவுக்காகவும் இந்தியாவில் கொடி தாழ்த்தப்பட்டது. ஐயமிருப்பவர்கள் அரசமைப்புச் சட்டத்தின் 52, 53, 60ஆம் பிரிவுகளைப் படித்துப் பார்க்கலாம்: ஒன்றியத்தின் நிர்வாக அதிகாரம் குடியரசுத் தலைவரிடமே உள்ளது, அவர் உறுதிமொழி ஏற்பதும் அரசமைப்பைக் காப்பதாகத்தான்.