மரோஸ்திகாவில் ஓல்த்ராதாவை யார் கேட்டார்கள்?

இத்தாலிக்குப் போகிற நம்மவர்கள் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ், அப்புறம் பீசா கோபுரத்தைக் கையால் தாங்கிப்பிடிக்கும் போட்டோ என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். லீவும் காசும் அவ்வளவுதான் என்றால் என்ன செய்வது! ஆனால் வெனிஸில் ஒரு நாள் மிச்சமிருந்தால், பஸ்ஸானோ தெல் கிராப்பாவுக்கு ரயில் ஏறி, அங்கிருந்து பஸ் பிடித்து மரோஸ்திகா போய் வாருங்கள். இந்த ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது. நான் போன அன்று தெருவெல்லாம் காலியாகக் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இங்கே கோட்டை ஒன்றல்ல, இரண்டு. ஒன்று ஊர் நடுவில் சதுக்கத்தின் ஓரத்திலும் இன்னொன்று மலை உச்சியிலும் நிற்கின்றன. வெரோனாவை ஆண்ட ஸ்கலா குடும்பத்தின் கன்சிஞோரியோ 1372-இல் தொடங்கிய மதில் இரண்டையும் சேர்த்து வளைக்கிறது. ஊரையும் மலைச்சரிவையும் சேர்த்துப் பட்டி அடைத்த மாதிரி இருக்கும். 1404-இல் ஊர் வெனிஸ் கைக்குப் போனது.

கார்மினி தேவாலயத்தின் பக்கத்திலிருந்து மேல்கோட்டைக்கு ஒரு நடைபாதை ஏறுகிறது. மூச்சு கொஞ்சம் வாங்கும். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் ஓட்டுக் கூரைகள், அதற்கு அப்பால் வெனெத்தோ சமவெளி முழுக்கத் தெரியும். என்னைக் கேட்டால் இந்த ஊரின் சிறப்பே இந்த ஏற்றமும் மதிலும்தான்.

ஆனால் ஊர் பேர் வாங்கியது வேறு விஷயத்துக்கு. கீழ்க்கோட்டைக்கு முன்னால் இருக்கும் சதுக்கத்தின் தரையிலேயே வெள்ளையும் சிவப்புமாகக் கல் பதித்து ஒரு பெரிய சதுரங்கப் பலகை போட்டிருக்கிறார்கள். இரட்டைப்படை ஆண்டுகளில் செப்டம்பர் மாதம் அதன்மேல் ஆட்களே காய்களாக நிற்க, ஆட்டம் நடக்கும். குதிரைக்கு நிஜக் குதிரை. மற்ற நாட்களில் அதே பலகைமேல் சின்னப் பையன்கள் சைக்கிள் விடுகிறார்கள்.

ஆட்டத்துக்குப் பின்னால் சொல்லப்படும் கதை இது. 1454-இல் ஊர்த் தலைவர் ததேயோ பாரிசியோவின் மகள் லியோனோராவை ரினால்தோ, வியெரி என்று இரண்டு பிரபுக்கள் காதலிக்கிறார்கள். வாள் எடுத்துச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். அப்பா அதைத் தடுத்து, சதுரங்கம் ஆடுங்கள் என்கிறார். ஜெயித்தவருக்கு மகள். தோற்றவருக்கு? அவருக்கும் ஒரு பெண் உண்டு: அப்பாவின் தங்கை ஓல்த்ராதா. ஆறுதல் பரிசு!

இதில் ஒரு வரிகூட 1454-ஐச் சேர்ந்ததல்ல. மிர்கோ வுசெதிச் என்ற கலைஞர் 1954-இல் எழுதியது. அதற்கு முன்பே, 1923-இல், சதுக்கத்தில் ஆட்களை நிறுத்தி ஒரு சதுரங்க ஆட்டம் நடத்தியிருக்கிறார்கள். அந்த நினைவுக்குத்தான் வுசெதிச் காதல், பிரபு, கோட்டை எல்லாம் சேர்த்தார்.

செஸ் தெரிந்தவர்களுக்கு இன்னொரு உறுத்தலும் இருக்கும். இந்த விளையாட்டு இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போனபோது ராஜாவின் பக்கத்தில் நின்றது ஓர் அமைச்சர். ஐரோப்பாவில் அது ராணி ஆனது. ஆனாலும் குறுக்கே ஒரே ஒரு கட்டம்தான் நகரும். பலகை முழுக்கப் பாயும் இன்றைய ராணி 1475 வாக்கில் ஸ்பெயினின் வலென்சியாப் பக்கம்தான் முதலில் தலைகாட்டுகிறாள். 1454-இல் மரோஸ்திகாவில் நிஜமாகவே இரண்டு பேர் ஆடியிருந்தால், இப்போது சதுக்கத்தில் நடப்பதைவிட ரொம்பவே மந்தமான ஆட்டமாக இருந்திருக்கும். விடிந்திருக்கும்.

“அப்போ எல்லாம் டூப்பு, அங்கே எதுக்குப் போகணும்?” என்று கேட்கிற கட்சியில் நான் இல்லை. எழுபது ஆண்டுகளாக ஊர்க்காரர்களே நூற்றுக்கணக்கில் வேஷம் கட்டி ஆடினால் அதுவும் ஒரு மரபுதான். பழசாக இருந்தால்தான் மரியாதை என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கீழ்க்கோட்டைக்குள் அந்த உடைகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். எப்போதோ தைத்த நாடக உடைதான் என்றாலும் கிட்டே போய்ப் பார்க்கையில் தையல்காரர்களின் பொறுமைக்குக் கும்பிடு போடத் தோன்றுகிறது.

என் சண்டை வேறு. ஓல்த்ராதா விஷயத்தை எடுத்தால் உடனே ஒரு பதில் வரும்: “அந்தக் காலம் அப்படி, பெண்களை யார் கேட்டார்கள்?” இந்தப் பதிலுக்குத்தான் இங்கே இடமே இல்லை. அந்தக் காலம் என்று நாம் சொல்வது 1954. இத்தாலியப் பெண்கள் 1946-லேயே நாடு தழுவிய தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டார்கள். அதற்கு எட்டு வருஷம் கழித்து ஒருவர் உட்கார்ந்து யோசித்து, மகளைப் பந்தயமாக வைத்து, தங்கையைத் தோற்றவன் கையில் பிடித்துக்கொடுத்து, அதற்குப் பதினைந்தாம் நூற்றாண்டின் சட்டையை மாட்டிவிட்டிருக்கிறார். லியோனோராவுக்காவது ஒரு சமாதானம் வைத்தார். அவள் மனதில் இருப்பது வியெரி, ஜெயிப்பதும் வியெரி. ஓல்த்ராதாவுக்கு அதுவும் இல்லை. அவளுக்கு ரினால்தோவைப் பிடித்ததா என்று கதையில் ஒரு மூச்சும் கிடையாது.

நிஜ வரலாறு என்றால் மாற்ற முடியாது, பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே சொல்லத்தான் வேண்டும். கற்பனைக்கு அந்தக் கட்டாயம் ஏது? எழுதியதை ஊரே உட்கார்ந்து திருத்தி எழுதலாம். லியோனோராவே பலகைக்கு வந்து ஆடட்டும். ஓல்த்ராதா “எனக்கு வேண்டாம்” என்று ஒரு வசனம் பேசட்டும். கூட்டம் அதற்கும் கைதட்டும், சந்தேகமே வேண்டாம்.

இன்னொரு வருத்தமும் உண்டு. பிறக்காத லியோனோராவுக்கு இத்தனை விளம்பரம் இருக்கும் ஊரில், 1553-இல் நிஜமாகவே பிறந்த ப்ரோஸ்பெரோ அல்பீனியைப் பற்றி வருகிறவர்கள் யாரும் விசாரிப்பதாகத் தெரியவில்லை. மருத்துவராக எகிப்துக்குப் போய் மூன்று ஆண்டுகள் இருந்தவர். 1592-இல் எகிப்தின் செடிகளைப் பற்றி அவர் வெளியிட்ட புத்தகத்தில் காபிச் செடி வருகிறது, படத்தோடு. ஐரோப்பா அச்சில் பார்த்த முதல் காபிச் செடிப் படம் அதுதான் என்பார்கள். பேரீச்சையில் ஆண் மரம், பெண் மரம் உண்டு என்பதையும் கவனித்து எழுதினார். பின்னாளில் பாதுவா தாவரத் தோட்டத்தின் பொறுப்பும் அவரிடம் வந்தது. சதுக்கத்தில் உட்கார்ந்து எஸ்பிரெஸோ குடிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? காபி குடித்து வளர்ந்த எனக்கு, காதல் கதையைவிட இது பெரிய விஷயமாகப் படுகிறது.

போகிறவர்கள் முடிந்தால் ஜூன் தொடக்கத்தில் போங்கள். மரோஸ்திகா செர்ரி அப்போதுதான் கிடைக்கும், இத்தாலியில் பேர்பெற்ற பழம். செப்டம்பரில் ஆட்டம் பார்க்க ஆசை என்றால் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். காய்களுக்கான உத்தரவுகள் வெனெத்தோ வட்டாரப் பேச்சில் வரும், இத்தாலியன் தெரிந்தவர்களே கொஞ்சம் விழிப்பார்கள். இரண்டில் எப்போது போனாலும் மேல்கோட்டைக்கு ஏறாமல் வராதீர்கள். நல்ல செருப்பு முக்கியம், பாதையெல்லாம் கல்.