அந்த ‘ரிமெம்பர்’ சரி என்று சொல்ல வரவில்லை

மூன்று நாளாகப் பொறுத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை அந்த ஸ்கிரீன்ஷாட் என் ஆபீஸ் குரூப்புக்கே வந்துவிட்டது. கீழே வரிசையாகக் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். இதற்கு மேலும் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

எங்கள் அபார்ட்மெண்ட் கேட்டில் காவலுக்கு நிற்கும் அண்ணன் நம் குடியிருப்போர் குரூப்பில் எழுதியது இதுதான்: “சார், ஐ ரிமெம்பர் யூ மை சேலரி இன்கிரீஸ். பொங்கல் மீட்டிங் யூ ப்ராமிஸ்.”

‘ரிமைண்ட்’ என்று எழுதியிருக்க வேண்டும். தெரியும். நமக்கு ஞாபகம் இருந்தால் ரிமெம்பர், அடுத்தவருக்கு ஞாபகப்படுத்தினால் ரிமைண்ட். இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் அத்தனை பேரும் ஓடி வந்தீர்கள். அவர் கேட்டது 1,500 ரூபாய். பொங்கல் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், ஏப்ரலிலிருந்து தருகிறோம் என்று சொன்ன 1,500 ரூபாய். அதற்கு ஒருவர்கூட நேரான பதில் சொல்லவில்லை.

அவர் ஏன் இங்கிலீஷில் எழுதினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குரூப்பில் எல்லாம் இங்கிலீஷில்தான் போட வேண்டும் என்று விதி வைத்தது நாம். தமிழில் எழுதியிருந்தால் ‘சார், ஞாபகப்படுத்துறேன்’ என்று அழகாக எழுதியிருப்பார். தமிழில் ஞாபகம் என்ற ஒரு சொல்லே இரண்டு வேலையும் பார்க்கும். எனக்கு ஞாபகம் இருக்கு, உங்களுக்கு ஞாபகப்படுத்துறேன்; வால் மட்டும் மாறும். இங்கிலீஷில் அதற்கு இரண்டு தனி வினை. இத்தாலிய மொழியில் ‘ரிகொர்தாரே’ என்ற ஒரே வினை இரண்டுக்கும் போதும். அப்படியிருக்க, ஒரு சொல்லை வைத்தே வாழ்ந்த மனிதர் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இன்னொன்று. அவருக்கு நம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் போட்ட பதிலைப் பாருங்கள்: “ஐ ஆம் நாட் ரிமெம்பரிங் எனி சச் ப்ராமிஸ்.” இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் இதுவும் தப்பு. நோ, பிலீவ் மாதிரி ரிமெம்பரும் ஒரு நிலையைச் சொல்லும் வினை. பொதுவாக அதற்கு ‘இங்’ போட மாட்டார்கள். ‘ஐ டோண்ட் ரிமெம்பர்’ என்றுதான் வரும். இதற்கு ஒரு மஞ்சள் முகம்கூட வரவில்லையே? நான் அதற்கும் சிரிக்கச் சொல்லவில்லை. ‘ஞாபகம் வரமாட்டேங்குது’ என்று நினைக்கிற தமிழ் மனசிலிருந்துதான் அதுவும் வருகிறது. ஆனால் ஒரே வினைச்சொல்லில் இரண்டு பேர் தவறினால், காக்கிச் சட்டை போட்டவர் மட்டும் ஊர் ஊராகச் சுற்றுகிறார்.

எனக்கு இது ஏன் இப்படி வலிக்கிறது என்றால், நானும் ஒரு முறை இதே வார்த்தைக்காகச் சிரித்திருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு. ஒரு தோழி வீட்டுக்கு வந்து கிளம்புகிறாள். அப்பா, தபால் நிலையத்தில் கிளார்க், வாசல் வரை வந்து அவளிடம் “ரிமெம்பர் மீ டு யுவர் ஃபாதர்” என்றார். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. எனக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. “அப்பா, அது ரிமைண்ட்ப்பா. வராட்டி தமிழ்லயே பேசுங்க” என்றேன், அவள் முன்னாலேயே. அப்பா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் என் தோழிகள் யாரிடமும் அவர் இங்கிலீஷ் பேசியதே இல்லை.

கல்லூரி நூலகத்தில் ஒரு நாள் அகராதியைப் புரட்டும்போதுதான் கண்ணில் பட்டது. ‘ரிமெம்பர் மீ டு’ என்றால் நான் விசாரித்ததாகச் சொல் என்று பொருள். கொஞ்சம் பழைய, மரியாதையான இங்கிலீஷ். அப்பா சொன்னது அட்சர சுத்தமாகச் சரி. லீவுக்கு ஊருக்குப் போனபோது அவரிடம் சொன்னேன். “தெரியும்மா. அன்னைக்கே தெரியும். உன் பிரெண்டு முன்னாடி உன்னைத் தப்புன்னு சொல்ல மனசு வரலை” என்றார்.

அதே பக்கத்தில் இன்னொரு பொருளும் இருந்தது. ஒருவரை ரிமெம்பர் செய்வது என்றால் அவருக்குப் பணமோ பரிசோ கொடுப்பது. உயிலில் ஒருவருக்கு எழுதிவைப்பதற்கும் இதே வினைதான்.

‘அப்போ தப்பைத் தப்பு என்று சொல்லவே கூடாதா மேடம்’ என்று கேட்பீர்கள். சொல்லுங்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, முதலில் அவர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு, அப்புறம் சொல்லுங்கள். ‘சும்மா ஜாலிக்குப் போட்டதை ஏன் பெரிதாக்குகிறீர்கள்’ என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு உங்கள் காருக்குக் கேட் திறக்க எழுந்து வருகிறவரைப் பார்த்து அதைச் சொல்லுங்கள்.

உங்களில் இலக்கியம் படித்தவர்களும் சிரித்தீர்கள். அதுதான் இன்னும் வலிக்கிறது. ஷேக்ஸ்பியரின் டெம்பெஸ்ட் 1611இல் மன்னர் முன்னால் நடிக்கப்பட்ட நாடகம். அதில் ஏரியல் என்ற ஏவலாள் தன் எஜமானன் ப்ராஸ்பரோவிடம் சொல்கிறான்: “லெட் மீ ரிமெம்பர் தீ வாட் தௌ ஹேஸ்ட் ப்ராமிஸ்ட்.” நீங்கள் கொடுத்த வாக்கை உங்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் ரிமெம்பருக்கு ரிமைண்ட் என்ற பொருளும் இருந்தது. நம் அண்ணன் எழுதிய அதே வினை, அதே பொருள், கேட்டதும் அதேதான்.

‘நானூறு வருஷத்துக்கு முந்திய வழக்கை வைத்து இன்றைக்குச் சரி என்பீர்களா?’ இல்லை, சொல்லவில்லை. இன்றைக்கு அது தப்புதான். நான் கேட்பது வேறு. ஏரியல் ஞாபகப்படுத்தியதும் எஜமானன் என்ன செய்தான் தெரியுமா? ஏவல் காலம் முடியும் முன்பே விடுதலையா என்று அதட்டினான். ஒரு வருஷம் குறைப்பதாகச் சொன்னீர்களே என்று அவன் கெஞ்சினால், எவ்வளவு பெரிய வேதனையிலிருந்து உன்னை மீட்டேன், மறந்துவிட்டாயா என்று திருப்பிக் கேட்டான். வாக்குக் கொடுத்தவனின் மறதியைப் பற்றிய பேச்சு, கேட்டவனின் மறதியைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டது.

நம் குரூப்பில் அதே இரவு பத்தரைக்கு ஒருவர் போட்டதைப் போய்ப் பாருங்கள். “கொரோனா சமயத்தில் இவருக்கு யார் அரிசி பருப்பு கொடுத்தது என்று மறந்துவிட்டாரா?” பதினான்கு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருக்கிறீர்கள். ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த அந்த மாதங்களில் அவர் வீட்டுக்குப் போகாமல் இந்தக் கேட்டிலேயே கிடந்தார். என் மாமியாருக்கு மருந்து வாங்கி வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனது அவர்தான். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவர் அந்த மெசேஜை அழித்துவிட்டார். இன்று காலை ஸ்கூட்டரை எடுக்கும்போது கிட்டே வந்து, மெதுவான குரலில், “மேடம், ரிமைண்ட்தானே சரி? என் பொண்ணு சொல்லிச்சு” என்றார். ஆமாண்ணே என்றேன். சம்பளம் வந்ததா என்று கேட்டேன். வந்ததாம். பழைய தொகைதானாம்.

பொங்கல் கூட்டத்தில் நானும் இருந்தேன். இரண்டாவது வரிசை, மின்விசிறிக்குக் கீழே. ஏப்ரலிலிருந்து 1,500 கூட்டித் தருகிறோம் என்று செயலாளர் மைக்கில் சொன்னதும் எல்லாரும் கை தட்டினோம். இதைக் குரூப்பில் தமிழிலேயே எழுதிப் போட்டிருக்கிறேன். முப்பத்தொரு பேர் படித்துவிட்டதாகக் காட்டுகிறது. இதை எழுதி முடிக்கிற வரைக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை.